பெரிய திரையில் அடைப்புக்குறி

நவம்பர் 3, திங்கள்

எழுந்ததும் முதல் வேலை, லேப்டாப்பைச் சார்ஜில் போட்டது. பல் விளக்கியது அப்புறம்தான். ராத்திரி முழுக்க மழை. செமோர் சாலையில் நெரிசல். இருந்தும் வகுப்பில் முதல் ஆள் நான்.

மண்ணியல். டாக்டர் ஹலிம் பேசப் பேச நான் லேப்டாப்பில் தட்டுவேன், தர்ஷினியின் டேப்லெட்டில் வரிகள் ஓடும். பன்னிரண்டு வயதில் காய்ச்சலில் காது போன பெண். பேச்சு நன்றாக வரும். குரல் எவ்வளவு சத்தமாகப் போகிறது என்று அவளுக்கே தெரியாது, அதனால் வகுப்பில் வாய் திறப்பதில்லை.

அவர் பாடம் இங்கிலீஷில். அடைப்புக்குறிக்குள் நான் போடுவது தமிழில், எங்கள் இரண்டு பேருக்கு மட்டும். (பின்னால ரெண்டு பேர் தூக்கம்.) (இந்தக் கதைய போன வாரமே சொல்லிட்டார்.) (போன் அடிக்குது. அவரோடதுதான்.)

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதையெல்லாம் விட்டுவிட்டுப் பாடத்தை மட்டும் சுத்தமாகத் தட்டிக் கொடுத்தேன். "பாடம் புத்தகத்துலயே இருக்குக்கா. எல்லாரும் ஏன் சிரிக்கிறாங்கன்னு போடுங்க" என்றாள். என் வேலை என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் வரி எப்போதும் பேச்சுக்குப் பின்னால்தான். அவர் கேள்வி கேட்டு, நான் தட்டி, அவள் படித்து முடிப்பதற்குள் வேறு யாராவது பதில் சொல்லியாச்சு. வகுப்பில் பதில் சொன்னால்தான் மதிப்பெண். அவளுக்கு இதுவரை பூஜ்யம்.

வகுப்பு முடிந்ததும் சொன்னாள். "வெள்ளிக்கிழமை கடைசி நாள்கா. இந்தப் பாடத்த டிராப் பண்ணிடுறேன்."

"இது இல்லாம மண்ணியல் பிரிவுக்கே போக முடியாதே."

"தெரியும்லா."

அந்தப் பிரிவுக்காகத்தான் பல்கலைக்கழகத்துக்கே வந்தாள். நான் டாக்டர் ஹலிமிடம் போய், கேள்வி கேட்டபின் கொஞ்சம் பொறுக்க முடியுமா என்றேன். "புவான், இத்தனை பேரை வைத்துக்கொண்டா?" அம்மா என்கிற மாதிரி, புவான் போட்டு மரியாதையாகத்தான் சொன்னார்.

நவம்பர் 4, செவ்வாய்

வகுப்பு இல்லை. வாங்க: கடுகு, சோப்புத்தூள், மகனுக்குப் பள்ளிக் கால்சட்டை. கடுகு மறந்தாச்சு.

நினைப்பெல்லாம் அந்தப் பெண்மேல். சாம்பாரில் இரண்டு தடவை உப்பு. இவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "லூமுட் கடல்லேர்ந்து தண்ணி மொண்டு வந்தியா?" கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது.

இன்னும் வேகமாகத் தட்டிப் பழகலாமா? பழகினாலும் பேச்சை முந்த முடியாது.

நவம்பர் 5, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

டாக்டர் ஹலிமின் கணினி படுத்துவிட்டது. ஸ்லைடுகளை என் லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். அவை முடிந்ததும் வழக்கம்போலத் தட்ட ஆரம்பித்தேன். புரொஜெக்டர் கேபிளைப் பிடுங்க மறந்தாச்சு.

பெரிய திரையில், வகுப்பு முழுக்கப் பார்க்க: (சார் சட்டைப் பித்தான மாத்திப் போட்டிருக்கார். யாரும் சொல்லல.)

தமிழ்ப் பிள்ளைகள் மூன்று பேர் வெடித்துச் சிரித்தார்கள். டாக்டர் ஹலிம் திரும்பித் திரையைப் பார்த்தார். "என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். பின்வரிசைப் பிரவின், யோசனையே இல்லாத பையன், அப்படியே மலாயில் உரக்கச் சொல்லித் தொலைத்தான்.

அவர் குனிந்து பார்த்தார். பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பித்தானைச் சரிசெய்தார். மொத்த வகுப்பும் சிரிப்பு. தர்ஷினியும், கரகரவென்று அவள் குரலில், எல்லோரோடும் அதே நொடியில். அவள் தாமதமில்லாமல் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

எனக்கு வேலை போச்சு என்றுதான் தோன்றியது. கேபிளைப் பிடுங்கக் கை நீட்டினேன்.

"ஆன்ட்டி, ஜாங்கான்! எடுக்காதீங்க." மெய் லிங், சீனப் பெண், பின்னாலிருந்து மலாயில். "அவர் வேகத்துக்கு எங்களுக்கும் ஒண்ணும் பிடிபடல."

டாக்டர் ஹலிம் பித்தானை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு திரும்பினார். பிறகு, "இருக்கட்டும். என் சட்டையை மட்டும் விட்டுவிடுங்கள், புவான்."

அப்புறம் ஒரு கேள்வி. பழைய ஈயச் சுரங்க நிலம், ஒரு பக்கம் மணல், ஒரு பக்கம் சேறு. மரம் எதில் முதலில் சாகும்? தட்டினேன். எல்லோர் கண்ணும் திரையில். வரி முடியட்டும் என்று அவரே காத்து நின்றார்!

தர்ஷினி கை தூக்கினாள். பாசாரில் மீன் விற்கக் கூப்பிடுகிற சத்தம். "வெயில் காலம்னா மணல்ல, சார். தண்ணி நிக்காது. மழைக் காலம்னா சேத்துல, வேர் மூச்சு முட்டிச் சாகும். நீங்க எந்தக் காலம்னு சொல்லலையே?"

அவள் சொன்னது இங்கிலீஷில். எனக்குள் கேட்டது இப்படித்தான்.

தட்டினேன். முதலில் "தர்ஷினி" என்று பெயர், பக்கத்தில் அவள் வார்த்தைகள். இத்தனை வாரக் குறிப்பில் அவள் பேச்சு ஒரு வரிகூட இருந்ததில்லை. அவள் பெயரிலேயே இரண்டு எழுத்துப் பிழை. திருத்தவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

மழை இல்லை. பாடப் பதிவு அலுவலகம் ஐந்து மணிக்கு மூடியாச்சு. அவள் பாடத்தை விடவில்லை. விடவில்லை!

மாமாக் டீக்கடையில் எனக்கு நுரை பொங்க ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுத்தாள். அவள் சத்தத்துக்குக் கடையே திரும்பிப் பார்த்தது. கல்லா அண்ணன்: "என்ன தங்கச்சி, லாட்டரி விழுந்துச்சா?" நான் போனில் தட்டிக் காட்டினேன். "அதுக்கும் மேலண்ணே!" குரலைக் குறைக்கவே இல்லை.

டாக்டர் ஹலிமிடமிருந்து மின்னஞ்சல். இனி எல்லா வகுப்பிலும் திரை. அடைப்புக்குறி தொடரலாம், ஆனால் எல்லோருக்கும் புரிகிற மொழியில். வாய்விட்டுச் சிரித்தேன்.

நான் கெட்டிக்காரி இல்லை. கேபிளை மறந்தேன், அவ்வளவுதான். இருந்தும் காரில் வரும்போது வீடுவரை தனியாகப் பாட்டு.

நவம்பர் 10, திங்கள்

காலையில் பனி, மலை தெரியவில்லை. மகன் கால்சட்டை இடுப்பில் இறுக்கம், மாற்ற வேண்டும்.

வகுப்பில் தர்ஷினி இரண்டு பதில். ஒன்று சரி. ஒன்று படு தப்பு, அதுவும் உரக்க. பிரவின் மேசையைத் தட்டிச் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டு, "நீ சொல்லு பாப்போம், மச்சான்!" அவனுக்கும் தெரியவில்லை. தப்பாகச் சொல்லிச் சிரிப்பு வாங்கக்கூட அவளுக்கு இதுவரை வழியில்லாமல் இருந்திருக்கிறது.

கடைசியில் மெய் லிங் வந்தாள். வகுப்போடு சுரங்க நிலம் பார்க்கப் போகும்போது தர்ஷினியும் அவளும் ஒரே குழுவாகச் சேரலாமா என்று கேட்க. போனில் எழுதி, நடுவில் உட்கார்ந்திருந்த என் மூக்குக்கு முன்னால் தர்ஷினியிடம் நீட்டினாள். தர்ஷினி எழுதித் திருப்பி நீட்டினாள். மறுபடி அவள். மறுபடி இவள். ஒவ்வொரு தடவையும் நான் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அவர்கள் என்னைக் கவனிக்கவே இல்லை. சந்தோஷம். கொஞ்சம் வலியும்தான், எழுதிவைப்பதில் என்ன.

பின்சுவர் ஓரம் ஒரு பிளக் இருக்கிறது. திரை அங்கிருந்தும் நன்றாகத் தெரியும், பார்த்துவிட்டேன். புதன்கிழமை முதல் அங்கேதான். தர்ஷினிக்குப் பக்கத்தில் என் நாற்காலியைக் காலியாக விடப்போகிறேன். அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.