துருப்பிடிக்காத கம்பிகள்

காக்ஸ் டவுன், பெங்களூர்
மே 1966

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் பாப்பாவும் சுகம். இங்கே மழை. அங்கே கடல்காற்று எப்படி?

கல்யாணத்துக்கு முன்பு மெட்ராஸ் பீச்சில் உங்கள் பேண்டு வாசித்தது ஞாபகம் வந்தது. காற்றில் மைக் ஓயாமல் இரைந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஈரமணலில் எல்லோரும் ட்விஸ்ட் ஆடினார்கள். நான் உங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு எத்தனை பீச் கச்சேரி! ஒவ்வொரு முறையும் கிடார் கம்பிகள் உப்புக்காற்றில் துருப்பிடித்துத்தான் வீடு வரும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பது என் வேலை.

போன மாதமும் பீச் கச்சேரி என்றுதான் போய்வந்தீர்கள். கம்பிகள் பளபளவென்று இருந்தன.

"ஸ்ட்ரிங்ஸ் புதுசா மாத்தினீங்களா?" என்று கேட்டேன்.

செலவுக்குத் திட்டுவேன் என்று பயந்து, "சேச்சே, அதே பழசுதாம்மா" என்றீர்கள்.

எண்ணெய்க் கிண்ணத்தைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன். நீங்களும் தூங்கிவிட்டீர்கள்.

இந்த முறை தங்குவதாக நீங்கள் சொன்ன கடற்கரை ஓட்டல் விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன். கிடைத்தால் ஒரு வரி பதில் போடுங்கள். அப்படி யாரும் இங்கே இல்லையென்று தபால்காரர் திருப்பிக் கொண்டுவந்தால், நானே பிரித்துப் படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இன்றுவரை உங்கள் மனைவி