கழுவிய சாமை

மே 18, ஞாயிறு

இன்றைய ரிசப்ஷன் ஒரு கருமம். கள்ளக்குறிச்சியில் அவ்வளவு பெரிய மண்டபம், எங்கள் இரண்டு பேரையும் பிரியாணி கவுண்டர் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். நான் கிட்டார். ராஜேஷ் பாட்டு, கூடவே முறம். முறத்தில் ஒரு பிடி சாமையைப் போட்டு அவன் சுழற்றினால், ஜாஸ் டிரம்மில் பிரஷ் வைத்துத் தேய்க்கிற சத்தம் வரும். கல்வராயன் மலையில் களையெடுக்கும்போது பாடுகிற பாட்டை அவன் இழுத்துப் பாட, அடியில் நான் சோகமாக இழுக்கும் ப்ளூஸ் இசையை வாசிப்பேன். எங்கள் குழுவுக்கு 'உமி' என்று பெயர் வைத்து மூன்று வருஷம் ஆகிறது. யார் கேட்டார்கள்? ஒருத்தர் வந்து, "இன்னாம்மா இது, சாவு வூடு மாதிரி? குத்துப் பாட்டு ஒண்ணு வுடு" என்றார். இன்னொருத்தர் எலும்பு கடித்த விரலால் என் கம்பியை இழுத்துப் பார்த்தார்.

சீ! மூன்று தடவை துடைத்தும் மசாலா வாசனை போகவில்லை.

மே 27, செவ்வாய்

சென்னையிலிருந்து கலையரசன் என்று ஒருவர் போன் செய்தார். வீடியோ கம்பெனியாம். எங்கள் பாட்டை மலையிலேயே படம் பிடித்து வெளியிடுவார்களாம். நன்றாக ஓடினால் ஊர் ஊராகக் கச்சேரி. எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி பிரியாணி கவுண்டர் கிடையாது!

ஜூன் 7, சனி

வெள்ளிமலை தாண்டி ராஜேஷ் வீட்டுக்குப் போனேன். சாமையை மேலிருந்து முறத்தில் கொட்டுவதுபோல ஒரு காட்சி வேண்டுமாம், கலையரசன் உத்தரவு. அதனால் நிறையத் தேவை. ராஜேஷின் அம்மா செங்கம்மாள் பானையைச் சாய்த்து, இருந்த நாலு படியையும் என் பையில் போட்டார்.

"வெதைக்கு வச்சது கண்ணு. வேலை முடிஞ்சதும் அப்படியே குடுத்துடு. மழை வுழுந்தா தூவணும்."

சாமை முழுக்கச் சாம்பல். என் சுடிதாரெல்லாம் சாம்பல்.

ஜூன் 12, வியாழன்

ஜெராக்ஸ் கடை மாடியில் ஒத்திகை. ராஜேஷ் வரவில்லை. நானே முறத்தைச் சுழற்றிப் பார்த்தேன். மைக்கில் சாம்பல், கம்பியில் சாம்பல், தும்மல் வேறு. சத்தமும் மந்தமாக இருந்தது. மூன்று தண்ணீர் விட்டு அலசி, ஃபேனுக்கு அடியில் பரப்பி வைத்துவிட்டேன். விதைதானே, மண்ணில் போட்டால் நனையத்தானே போகிறது?

சாயங்காலம் மேலாகக் காய்ந்ததும் சுழற்றினேன். என்ன ஒரு சத்தம் இப்போது! சர்ர்ர் என்று, அவ்வளவு சுத்தம்.

ஜூன் 14, சனி

ஷூட்டிங். எழுதவே கூசுகிறது.

ராஜேஷின் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். முகத்தில் வெள்ளைப் புள்ளி வைத்தார்கள். தலையில் இறகு. இறகு! மலையில் யார் இறகு வைத்துக்கொண்டு திரிகிறார்கள்? சுற்றி நின்ற அவன் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் பேன்ட் சட்டையில். "கொஞ்சம் ஆதிவாசி ஃபீல் வேணும் மேடம்" என்றார் கலையரசன். அவரிடம் நான் தலையை ஆட்டிவைத்தேன். சண்டை போட்டதெல்லாம் ராஜேஷிடம்தான், வேனில்.

"உனக்கு வெக்கமே இல்லையாடா?"

"வுடு சுபா. ரெண்டு நாளு கூத்து. சிரிச்சிக்கினே போயிடலாம்."

எப்படிச் சிரிக்கிறான்? அவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜூன் 21, சனி

சாமையைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு வாரமாகப் பெரிய எவர்சில்வர் டப்பாவில் மூடி, பத்திரமாக வைத்திருந்தேன். செங்கம்மாள் மூடியைத் திறந்தார். முகர்ந்தார். கையை உள்ளே விட்டு அடியிலிருந்து அள்ளினார்.

"சாம்பல் எங்கம்மா?"

"கழுவிட்டேன்மா. நல்லா சுத்தமா..."

டப்பாவை மூடிவிட்டு, "டீ குடிச்சிட்டுப் போ" என்றார். குடித்தேன். எருமை மாதிரி உட்கார்ந்து முழு டம்ளரையும் குடித்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் ராஜேஷ் போன்.

"பாதி மொளை வுட்டுச் செத்துக் கெடக்குது. மீதி புளிச்ச நாத்தம். ஈரமும் பூச்சியும் அண்டாம இருக்கத்தான் சாம்பல் போட்டு வக்கிறது. கழுவறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

நான் ஷூட்டிங் பேச்சை இழுத்தேன். கலையரசன், இறகு, புள்ளி என்று என்னென்னவோ உளறினேன்.

"மூஞ்சில பூசுனத அன்னிக்கே கழுவிக்கினேன் சுபா. இத இன்னா பண்றது?"



ஜூன் 23

கிட்டாரைத் தொடவில்லை.

ஜூலை 9, புதன்

மலையில் நல்ல மழையாம். விதை கேட்டு செங்கம்மாள் நாலு வீடு ஏறியிருக்கிறார். எல்லோரும் தங்கள் காட்டு நிலத்துக்கு அளவாகத்தான் வைத்திருப்பார்கள். கிடைத்தது ஒரு படி. உளுந்தூர்பேட்டை வரை கடை கடையாகப் போய் நான் வாங்கி அனுப்பியதை, "இது வேற சாமை, நம்ம காட்டுக்கு ஒத்து வராது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர்களுடைய மேல் காடு இந்த வருஷம் சும்மாதான் கிடக்கும். ரிசப்ஷனில் அந்த எலும்பு விரல்காரரைப் பார்த்து நான் சீ என்றேனே! அவர் கம்பியைத்தான் தொட்டார்.

செப்டம்பர் 5, வெள்ளி

வீடியோ வந்துவிட்டது. மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். இறகைப் பற்றி ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கீழே வரிசையாக, "அந்த சர்ர்ர் சத்தம் என்ன கருவி? புல்லரிக்குது!"

பாதியிலேயே நிறுத்திவிட்டேன். எனக்கு அந்தச் சத்தம் புளித்து நாறுகிறது.

நவம்பர் 9, ஞாயிறு

பாண்டிச்சேரியில் கச்சேரி. சின்ன ஹால், அறுபது பேர், அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். மூன்று வருஷமாக நான் ஆசைப்பட்டது இதற்குத்தான்.

ராஜேஷ் சட்டை போட்டு வந்திருந்தான். முறத்தில் ஆற்று மணல்.

"அம்மா இனிமே தானியம் குடுக்க மாட்டாங்களாம்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

மணல் கரகரவென்று, முரட்டுத்தனமாக இருந்தது. பாட்டு முழுக்க அது என் கிட்டாரோடு மல்லுக்கு நின்றது. முடிந்ததும் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "வீடியோவுல கேட்ட அந்தச் சத்தம் இன்னிக்கு ஏன் வரலைங்க?" என்று கேட்டாள்.

ராஜேஷ் முறத்தைக் கீழே வைத்துவிட்டு மணலைக் கூட்டிக்கொண்டிருந்தான். அவன் ஏதாவது சொல்லிச் சமாளிப்பான் என்று பார்த்தேன்.

மைக்கை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"அது அவங்க அம்மா வச்சிருந்த விதைங்க. நான்தான் கழுவிட்டேன்."