அம்மனைச் சைவமாக்கியவன்

எதிர்வீட்டுக்கு மீன் கொடுக்க வந்து, என் மனைவிக்குக் கேட்காத குரலில் என்னைக் கூப்பிடும் அஞ்சலை அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி ஆறு மாதமாகிறது. மந்தைவெளியில் எங்கள் வீடு இன்னமும் சுத்த சைவம். அடையாற்றங்கரையில் உன் குடிசையில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு தின்றுவிட்டு, ஏலக்காய் மென்றபடி வீடு திரும்பியவன் நான் என்பது இன்றுவரை என் மனைவிக்குத் தெரியாது. இதை அச்சில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று பாக்கி இருக்கிறது.

அந்தக் கல் நினைவிருக்கிறதா? வெள்ளம் வடிந்த மறுநாள் சேற்றில் உன் காலை இடறியது. தூக்கிவந்து வேப்பமரத்தடியில் நட்டு மஞ்சள் பூசினாய். "காலை வாரிவுட்டவ சும்மா இருக்கமாட்டா நைனா. கும்புட்டு வெச்சுக்குவோம்" என்றாய். அன்றிலிருந்து ஆடிக்கு ஆடி கூழும் கருவாட்டுக் குழம்பும் முதலில் அந்த அம்மனுக்கு, அப்புறம் எனக்கு.

பிறகு குடிசைகளை எடுத்து உங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்கள். அம்மன் மட்டும் இங்கேயே தங்கிவிட்டாள். சுற்றிலும் அடுக்குமாடிகள் வந்தன. அவளுக்கும் கிரானைட் தரை வந்தது, கம்பிக்கதவு வந்தது, நடை சாத்தும் நேரம் வந்தது. நீ இரண்டு பஸ் மாறிச் சட்டியோடு வந்துகொண்டுதான் இருந்தாய்.

கும்பாபிஷேகத்துக்கு முன்னால் கோயில் கமிட்டித் தலைவர் என்னைத் தேடி வந்தார். "சார், நீங்க ரைட்டர். ஒரு தல வரலாறு போடுங்க. கொஞ்சம் பழசா இருக்கட்டும். அசைவம் கூடாதுன்னு நாசூக்கா ஒரு வரி."

ஆயிரம் வருஷத்துப் பழமை உருவாக எவ்வளவு காலமாகும் என்று யாராவது கேட்டால் சொல்வேன்: ஒரு மதியம், இரண்டு டம்ளர் காபி. ஆற்றங்கரையில் ஒரு முனிவரைத் தவம் செய்யவைத்தேன். என் ஸ்கூட்டர் மெக்கானிக்கின் தாடியை அவருக்கு ஒட்டினேன். "இனி சைவப் படையலே ஏற்பேன்" என்று அம்மனை அவரிடம் சத்தியம் செய்யவைத்தேன். படித்துவிட்டுச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். கல்லில் வெட்டிவிட்டார்கள். எனக்குப் பொன்னாடை.

போன ஆடியில் உன்னைக் கதவிலேயே நிறுத்தினார்கள். தலைவர் கல்வெட்டைக் காட்டினார்.

"ஆத்தாளுக்கு இன்னா, ஒடம்பு சரியில்லையா? பத்தியம் வெச்சிக்கினு கீறீங்களா?" என்று நீ கேட்டதும் கூட்டமே சிரித்தது. அப்புறம் உன் குரல் இறங்கியது. "இன்னா முனிவரு? கல்லை நான்தானே தூக்கியாந்தேன்?"

முன்வரிசையில் என்னைப் பார்த்துவிட்டாய். உனக்குப் படிக்கத் தெரியாது. "நைனா, நீ படிச்சவன். அப்டியா போட்டுக்கீது?"

"ஆமாக்கா. அப்படித்தான் போட்டிருக்கு" என்றேன்.

பொய்யில்லை, பார். அப்படித்தான் போட்டிருந்தது.

பஸ் நிறுத்தத்தில் நீ சட்டியைத் திறந்து என் மடியில் வைத்தாய். "அவளுக்குத்தான் வேணாமாம். நீயாவது துன்னு." தின்றேன் அக்கா. எழுதியவன் நான்தான் என்ற வார்த்தையையும் குழம்போடு சேர்த்து விழுங்கினேன். மார்கழியில் நீ போனாய். தெரிந்துகொண்டுதான் போனாயா?

இங்கத்திய செய்தி கேள். போன மாதம் முனிவருக்குக் குருபூஜை நடந்தது. பள்ளிப் பிள்ளைகள் அவர் கதையை மேடையில் ஒப்பித்தார்கள். தாடிகூட அப்படியே இருந்தது. தலைவரிடம் போய், "ஐயா, அது நான் கட்டிவிட்ட கதை" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "நீங்கதான் எழுதினீங்க சார். உங்க மனசுல அதைத் தோணவெச்சது யாரு?" என்று சந்நிதியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். இப்படித்தான் காலங்காலமாக நடந்திருக்குமோ? எத்தனை ஊரில் எத்தனை அஞ்சலைகள், எத்தனை காபி குடித்தவர்கள்?

உன் மகள் செல்வியைப் பார்க்கப் போனேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஜெபக்கூடத்துக்குப் போகிறாள். ஏன் என்று கேட்டேன். "அங்க யாரும் பாத்திரத்தைத் தொறந்து பாக்கறதில்ல மாமா" என்றாள். அவளிடம் உண்மையைச் சொன்னேன். எழுந்து என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். அப்புறம், "அம்மா உன்னைத்தான் சாட்சின்னு சொல்லிக்கினே இருந்துச்சு" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆடி வர இன்னும் மூன்று வாரம். இனி உன் சட்டியைத் தூக்க உன் வீட்டில் ஆளில்லை. நான் தூக்குகிறேன். குழம்பு உன் கைப்பக்குவத்தில் வராது, மன்னித்துவிடு. கதவைத் திறக்கமாட்டார்கள், தெரியும். கல்வெட்டின் முன்னால் நின்று, அதில் இல்லாததைச் சத்தமாகப் படிப்பேன்: இந்தக் கல்லைச் சேற்றிலிருந்து தூக்கி வந்தவள் மீன் விற்ற அஞ்சலை. எல்லோரும் சிரிப்பார்கள். நகைச்சுவை எழுத்தாளனாயிற்றே. சிரித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு, மறுபடி முதலிலிருந்து படிப்பேன்.

உன் குழம்பைத் தின்றுவிட்டு உன் பெயரையும் தின்ற,
தம்பி.