கடைசிப் பெயருக்குப் பிறகு

ஜூன் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் வார்டனாக இருந்த விடுதியிலேயே இப்போது உங்கள் மகளும் வார்டன்! கல்லூரி மலருக்குக் கட்டடத்தின் வரலாற்றை எழுதச் சொல்கிறார்கள். கல்லூரிக்கு முன் இது என்னவாக இருந்தது? மாடி மூலை அறை ஏன் எப்போதும் பூட்டியே இருக்கிறது? சமையல்கார அக்காவைக் கேட்டால், "உங்கம்மாவத்தான் கேக்கணும். அவங்க இருந்தப்ப பல்லிகூட அனுமதி வாங்கிட்டுத்தான் கத்தும்" என்கிறார்.

உங்கள் மகள்

ஜூன் 14

செல்ல மகளுக்கு,

உன் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறது. கான்வென்ட்டில் என்னை இதற்கு முட்டி போட வைத்திருப்பார்கள்.

அது காய்ச்சல் ஆஸ்பத்திரி. இனிப் பிழைக்கமாட்டார்கள் என்றானவர்களை மூலை அறையில் போடுவார்கள். மாலையில் நர்ஸ் வாசலில் நின்று, "வீட்டுக்கு யாரு போறீங்க?" என்று ஆறுதலுக்குக் கேட்பாளாம். எல்லாரும் "நான், நான்" என்பார்களாம். இதை மலரில் எழுதாதே.

அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது கடைசிப் பெயரோடு நிறுத்திவிடு. "வேற யாராவது?" என்று மட்டும் கேட்காதே. நான் ஒருநாளும் கேட்டதில்லை.

உன் அப்பா போனபின் தனிமை பழகிவிட்டது. வா என்று கெஞ்சமாட்டேன். உன் போர்வையைத் துவைத்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அம்மா

ஜூலை 2

அம்மா,

திட்டாதீர்கள். நேற்று அட்டெண்டன்ஸில் வாய் தவறி "வேற யாராவது?" என்று கேட்டுவிட்டேன். மாடியிலிருந்து "நான்" என்று ஒரு குரல். பெண்கள் எல்லாரும் என் எதிரேதான் நின்றார்கள்.

மூலை அறையைத் திறந்தேன். வெறும் கட்டில். மெத்தையில் கை வைத்தால் காய்ச்சல் உடம்பாகக் கொதித்தது. பயத்தைவிடப் பாவமாக இருந்தது. "வீட்டுக்குப் போம்மா" என்றேன். கை வைத்திருக்கும்போதே மெத்தை குளிர்ந்துவிட்டது. அதன்பின் சத்தமே இல்லை.

சனிக்கிழமை வருகிறேன்.

உங்கள் மகள்

ஜூலை 11

செல்ல மகளுக்கு,

தேர்வு நேரம், வர முடியாது என்ற உன் கார்டு இன்றுதான் வந்தது.

சனிக்கிழமை மழையில் யாரோ கதவைத் தட்டினார்கள். "யாரு?" என்றேன். "நான்" என்றது உன் குரல். முகத்தை மூடிப் போர்த்தியிருந்தாள். நெற்றி கொதித்தது. கஞ்சி கொடுத்து உன் கட்டிலில் படுக்கவைத்தேன். வீட்டில் ஆள் இருக்கும் சந்தோஷத்தில் வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

கார்டைப் படித்தபின்பும் அவளைப் போகச் சொல்லவில்லை. நீ அனுப்பியதால்தானே வந்தாள்? வேறெங்கே போவாள்?

என் கையெழுத்தும் கோழி கிளறியதாகிவிட்டது, மன்னித்துக்கொள். எனக்கும் காய்ச்சல். நீ வராதே. இது கெஞ்சல்தான்.

மாலையானால் அவள் என் அறை வாசலில் வந்து நிற்கிறாள். "வீட்டுக்கு யாரு போறீங்க?" என்று அன்பாகத்தான் கேட்கிறாள்.

இதுவரை நான் வாயைத் திறக்கவில்லை.

அம்மா