‘ஆம்’ வராது

மார்ச் 3

என்னங்க,

நலம் என்று எழுதினால் பொய். உங்கள் வக்கீல் அனுப்பிய நோட்டீஸ் நேற்று வந்தது. முழுக்க இங்கிலீஷ். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாக வாசித்து முடித்தேன். இருவரும் சம்மதித்தே பிரிந்துவிடலாம், முப்பது நாளில் பதில் வேண்டும் என்கிறார். இரண்டு வருடமாகத் தனித்தனி ஊரில் இருக்கிறோம், சரி. இதை என்னிடம் சொல்ல உங்களுக்குத் தமிழ் இல்லையா?

வேலை முடிந்து வாரத்தில் மூன்று நாள் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறேன். பதில் கடிதம் எழுதும் பாடம்தான் நடக்கிறது. நேரம் பார்த்து வந்திருக்கிறது உங்கள் நோட்டீஸ். டீச்சரிடம் காட்ட வெட்கமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்த புரூஃப் ரீடர் நீங்கள் ஒருவர்தான். வக்கீலுக்கு நான் எழுதிய பதிலை இத்துடன் வைத்திருக்கிறேன். திருத்தி அனுப்புங்கள். ‘ஐ ஆம் நாட் அக்ரீ’ என்பதுதான் அதில் முக்கியமான வரி.

இன்னும் உங்கள் மனைவி

மார்ச் 9

கமாவுக்கு,

எனக்கு எதிராக எழுதும் பதிலை என்னிடமே திருத்தச் சொல்கிற ஆளை நான் பார்த்ததில்லை. திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். ஆனால் பிழையோடு ஒரு தாள் மேசையில் கிடந்தால் என் கை சும்மா இருக்காது, உனக்குத் தெரியும். பதினொரு பிழை. சிவப்பில் குறித்திருக்கிறேன்.

‘டியர் சார்’ என்று தொடங்கினால் முடிவில் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்று போட வேண்டும். ‘அக்ரீ’க்கு முன்னால் ‘ஆம்’ வராது. சம்மதம் என்றால் ‘ஐ அக்ரீ’. இல்லையென்றால் ‘ஐ டூ நாட் அக்ரீ’.

திருத்திக் கொடுத்ததை வேறு விதமாக எடுத்துக்கொள்ளாதே. நோட்டீஸ் நோட்டீஸ்தான். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நின்றுகொண்டே வேலை பார்க்காதே.

இப்படிக்கு,
நான்

மார்ச் 15

என்னங்க,

‘கமாவுக்கு’ என்று எழுதியிருந்தீர்கள். மூச்சு விடாமல் பேசுகிறேன், முற்றுப்புள்ளியே கிடையாது என்று நீங்கள் வைத்த பெயர். அந்த ஒரு சொல்லை வாசித்துவிட்டு மீதியை வாசிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

முழங்கால் பரவாயில்லை. துணிக் கம்பெனியில் இப்போது என்னைச் செக்கிங்கில் போட்டிருக்கிறார்கள், உட்கார்ந்தே வேலை. சட்டையில் தையல் விட்ட இடத்தில் சிவப்பு அம்பு ஒட்ட வேண்டும். ஒட்டும்போதெல்லாம் உங்கள் நினைப்புதான்.

உங்கள் அச்சக முதலாளி குடும்பத்தோடு சாப்பிட வந்த அன்று, கூச்சப்படாமல் சாப்பிடுங்கள் என்று சொல்ல நினைத்து ‘ஈட், நோ ஷேம்’ என்றேன். வெட்கங்கெட்டவர்கள் என்றல்லவா ஆகிவிட்டது என்று எல்லார் முன்னாலும் திருத்திச் சிரித்தீர்கள். அன்றோடு உங்கள் முன்னால் இங்கிலீஷ் பேசுவதை விட்டேன். பிறகு தமிழும் குறைந்துபோனது. சாப்பாடு ஆச்சா, கதவு பூட்டியாச்சா, அவ்வளவுதான். கோபம் போய்விட்டது, வருத்தம் போகவில்லை. நோட்டீஸை விடுங்கள். ஒருமுறை வீட்டுக்கு வாருங்கள், பேசலாம்.

பதிலை மறுபடி எழுதி வைத்திருக்கிறேன். பாருங்கள்.

உங்கள் கமா

மார்ச் 21

கமாவுக்கு,

பதினொன்றில் பத்தைச் சரி செய்துவிட்டாய். ‘ஆம்’ மட்டும் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. தெரியாமல் செய்யும் பிழை இடம் மாறி மாறி வரும். இது தெரிந்தே விட்டது. முப்பது வருடமாக இதுதான் பிழைப்பு, எனக்குத் தெரியாதா?

அன்று சிரித்தது தப்பு. மன்னித்துவிடு. ஆனால் வீட்டுக்கு வந்தாலும் அதையேதான் செய்வேன். உப்பில், பேச்சில், நீ துணி மடிப்பதில், எல்லாவற்றிலும் என் கண் பிழைக்குத்தான் போகும். உன்னை நான் புரூஃபாகத்தான் வாசித்திருக்கிறேன். இங்கே தனியாக இருக்கும்போது யாரையும் நோகடிப்பதில்லை. அந்த நிம்மதி எனக்கு வேண்டும். என்னைப் போக விடு.

இந்தத் தடவை திருத்தவில்லை. தாளை அப்படியே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
நான்

மார்ச் 28

என்னங்க,

தெரிந்தே விட்டதுதான். ஒரு பிழை இருந்தால் ஒரு கடிதம் வருமே என்று பார்த்தேன்.

பதிலைப் புதிதாக எழுதி, வெட்கத்தை விட்டு நேற்று டீச்சரிடம் காட்டினேன். இரண்டு தடவை வாசித்தார். “நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இதையா எழுதணும்?” என்றார். தாளை வாங்கி மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

‘யுவர்ஸ்’ என்றால் ‘உங்களுடைய’ என்று அர்த்தமாம். முகம் தெரியாத வக்கீலுக்கு அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போடும்போது அழுகை வந்துவிட்டது. இன்று காலை தபாலில் சேர்த்தாயிற்று. நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நான்கே வரி. மூன்றாவது வரி ‘ஐ அக்ரீ’. ‘ஆம்’ போடவில்லை.

கண்ணை இடுக்கிக்கொண்டு வாசிக்காதீர்கள், கண்ணாடியை மாற்றுங்கள். இந்த நகலுக்காகச் சொல்லவில்லை. இதில் பிழை ஒன்றும் இல்லை என்று டீச்சர் சொல்லிவிட்டார். அதனால் நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை.

கமா