ஓடைக்கரை வீட்டுச் சுவரில்

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன், கோபிக்காதீர்கள். போனில் நீங்கள் "சரிம்மா, சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள்.

ஹைதராபாத்தில் வெயில் கொளுத்துகிறது. நம் அந்தமானில் மழை தொடங்கப்போகிறதே என்றால், அறைத்தோழி தாரிணி, "அங்க பெய்யிற மழைக்கு இங்க ஏண்டி குடை பிடிக்கிற?" என்கிறாள். நம் ஓடையை அவள் பார்த்ததில்லை.

ஓடையை அடைத்திருக்கும் மூங்கிலை இப்போதே வெட்டிவிடுங்கள். கேஸ் சிலிண்டரைத் தூணோடு கட்டுங்கள். தண்ணீர் செம்மண் நிறமானதும் ஆடுகளை அவிழ்த்துவிட்டு, அம்மாவுடன் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிடுங்கள். இதெல்லாம் சரியாகச் செய்வீர்கள், எனக்குத் தெரியும்.

போன வருஷமும் சரியாகத்தான் செய்தீர்கள். மேட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிய என் டிகிரி சர்டிபிகேட்டை எடுக்க இடுப்பளவு வெள்ளத்தில் திரும்பி இறங்கினீர்கள். "நம்ம வீட்ல இது ஒண்ணுதானேம்மா இருக்கு" என்று சிரித்தீர்கள். அம்மா இன்னும் சிரிக்கவில்லை.

ஆபீசுக்காக எடுத்த கலர் ஜெராக்ஸ் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அசலை எனக்குத் தபாலில் அனுப்பிவிட்டு, இதைக் கண்ணாடிக்குள் வையுங்கள். வெள்ளம் வந்தால் இது போகட்டும். நீங்கள் மேட்டிலேயே இருங்கள், அப்பா.

உங்கள் மகள்