பதினேழு மணி நேரம் என்ற சாக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் பிள்ளைகளும் சுகம்தானே? போனில் பேசினால் நீ கோபித்துக்கொண்டு வைத்துவிடுவாய், இல்லையென்றால் நான் அழுதுவிடுவேன். இரண்டும் வேண்டாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அம்மாவை இங்கே ஊருக்கு அனுப்பு என்று கேட்டதற்கு நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். உங்கள் விமான நிலையத்திலிருந்து எங்கள் விமான நிலையத்துக்குப் பதினாலாயிரம் கிலோமீட்டர், பதினேழு மணி நேரம். கீழே உன் கேள்வி: இந்த முழங்காலோடு அவளால் முடியுமா, நீயே சொல்.

சொல்கிறேன். அது வரைபடத்தில் கோடு இழுத்துக் கணினி போட்ட கணக்கு. அந்தக் கோட்டின் மேல் எந்த விமானமும் பறப்பதில்லை. நீ வந்தபோதெல்லாம் நடுவில் இறங்கி, விமானம் மாறித்தானே வந்தாய்? பிள்ளைகள் கைக்குழந்தைகளாக இருந்தபோது, அம்மா வந்தால்தான் சமாளிக்க முடியும் என்று கூட்டிப் போனாயே, அன்றைக்கு இந்தத் தூரம் எங்கே போயிருந்தது? இப்போது பிள்ளைகள் தாங்களே சாவி போட்டு வீட்டைத் திறந்துகொள்கிறார்கள். அம்மா பகல் முழுக்க ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

முழங்காலைப் பற்றி என்னிடமா பேசுகிறாய்? பிசியோதெரபி பிரிவில் ஊரார் அம்மாக்களைக் கைப்பிடித்து நடக்க வைப்பதுதான் என் பிழைப்பு. சொந்த அம்மாவின் காலை மட்டும் நான் பார்த்ததில்லை. வீடியோவில் நீ கேமராவை அவள் முகத்துக்குக் கீழே இறக்குவதே இல்லை.

போன ஞாயிறு நீங்கள் எல்லோரும் கடைக்குப் போயிருந்தபோது அம்மா கூப்பிட்டாள். அவன் தூரத்தைச் சொல்றான், முட்டியைச் சொல்றான், என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கிறான்டி என்றாள். சரி, நான் கேக்கிறேன், உனக்கு என்னம்மா வேணும் என்றேன். நீயே வந்து கூட்டிட்டுப் போ, நான் கேட்டேன்னு சொல்லாதே, மனசு கஷ்டப்படுவான் என்றாள். நான் சொல்லிவிட்டேன். கஷ்டப்படு. இத்தனைக்குப் பிறகும் உன்னைத்தான் தாங்குகிறாள்.

ஆகவே இது அனுமதி கேட்கிற கடிதம் இல்லை. விசா வந்துவிட்டது. அடுத்த மாதம் முதல் வாரம் வருகிறேன். திரும்பும்போது பாதி வழியில் இறங்கி, விமான நிலையத்துக்குள்ளேயே இருக்கும் விடுதியில் ஓர் இரவு அவள் காலை நீட்டிப் படுப்பாள். மறுநாள்தான் மீதிப் பயணம். சக்கர நாற்காலி, நடைபாதை ஓர இருக்கை எல்லாம் சொல்லியாயிற்று. விமானத்தில் அடிக்கடி எழுப்பி நடக்க வைப்பேன். திட்டுவாள். திட்டட்டும்.

என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. விமான நிலையத்துக்கு டாக்சி பிடித்துக்கொள்ள எனக்குத் தெரியும். ஆனால் நாங்கள் கிளம்பும் அன்று ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நீயும் வா, அண்ணா. சோதனைக்கு உள்ளே போகும் முன் அவள் எப்படியும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். அவள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நில்.

உன் அடங்காப்பிடாரித் தங்கை